ஸ்வைன் மகன் தோர்

சில வருடங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் இரண்டு மனிதர்களை ஒரே ஆளாக்கிவிட்டது.

மருத்துவப் பதிவுகளைக் கையாளும் மென்பொருள் அது. ஒரே நோயாளிக்கு மூன்று நான்கு பதிவுகள் கிடக்கும். அவற்றைத் தேடிப்பிடித்து ஒன்றாகச் சேர்ப்பது என் வேலை. பெயர், இனிஷியல், பிறந்த வருடம், பின்கோடு, இந்த நான்கும் பொருந்தினால் ஒரே ஆள் என்று விதி எழுதினேன். டெஸ்ட் பாஸ் ஆனது, ரிவ்யூ முடிந்தது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடவிட்டேன். (வெள்ளிக்கிழமை எதையும் ஓடவிடக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும்தான்.) ஒரே பேட்டையில், ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் கொண்டு, ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு பெண்கள் இருக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களில் ஒருவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. இரண்டு பதிவுகளும் ஒன்றானபோது புதிய பதிவு பழையதன் மேல் ஏறிக்கொண்டது. ஒவ்வாமை என்ற இடத்தில் ‘எதுவும் இல்லை’ என்று வந்துவிட்டது. ஊசியை எடுத்த செவிலியர் திரையை நம்பாமல், “அம்மா, எந்த ஊசியாவது ஒத்துக்காம போயிருக்கா?” என்று வாயைத் திறந்து கேட்டதால் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. ‘இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளா’ என்ற கேள்வியை வேறு யாரெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடித்தேடிப் படித்தேன். வங்கிகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் என்று போய், கடைசியில் நான் சற்றும் எதிர்பாராத ஓர் இடத்தில் போய் நின்றேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து.

‘இடைக்கால ஸ்காட்லாந்தின் மக்கள்’ என்று ஒரு தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கிளாஸ்கோ, எடின்பரோ, லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. 1093இல் தொடங்கி எஞ்சியிருக்கும் ஆயிரக்கணக்கான சாசனங்களைப் பிரித்து, அவற்றில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அரசன், பிஷப், பண்ணையடிமை எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு வரிசை எண். இதில் என்னை உட்கார வைத்தது அதன் டேட்டா மாடல்தான். ‘இவர் இந்த நிலத்தைக் கொடுத்தார்’ என்று அது பதிவதில்லை. ‘இவர் இந்த நிலத்தைக் கொடுத்ததாக இந்த ஆவணம் சொல்கிறது’ என்றுதான் பதிகிறது. அந்த ஒரு சொல்லுக்கு ‘ஃபாக்டாய்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மைக்கும் கூற்றுக்கும் இடையே ஒரு காலத்தை விட்டுவைக்கிற அட்டவணை. இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

அங்கேதான் தோர் எனக்கு அறிமுகமானார்.

தோர் என்றதும் சுத்தியல் நினைவுக்கு வந்தால் தவறில்லை. அந்த வடதேசத்துக் கடவுளின் பெயர்தான். ஆனால் நம்ம தோர் லோதியனில், அதாவது எடின்பரோவைச் சுற்றியுள்ள நிலப்பகுதியில், முதலாம் டேவிட் அரசன் காலத்தில் (1124–1153) வாழ்ந்த ஒரு நிலக்கிழார். சாசனங்களில் இரண்டு விதமாக வருகிறார். சில இடத்தில் ‘ஸ்வைன் மகன் தோர்’. சில இடத்தில் ‘ட்ரானென்ட் தோர்’. அப்பா பெயர், அல்லது ஊர் பெயர். குடும்பப் பெயர் என்ற வழக்கம் அங்கே அப்போது ஊன்றியிருக்கவில்லை. இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை, எஸ். தோர், அவ்வளவுதான். அவரை லோதியனின் ஷெரீப் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

ஷெரீப் என்ற சொல்லைக் கொஞ்சம் துடைக்க வேண்டியிருக்கிறது. மார்பில் நட்சத்திரம், இடுப்பில் துப்பாக்கி, அது அமெரிக்கா. சென்னையில்கூட ஷெரீப் என்று ஒரு கௌரவப் பதவி தொண்ணூறுகளின் கடைசி வரை இருந்தது, விருந்தினரை வரவேற்கிற வேலை. இன்றைய ஸ்காட்லாந்தில் ஷெரீப் என்றால் நீதிபதி. இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் ‘ஷயர்’ என்றால் மாவட்டம், ‘ரீவ்’ என்றால் மேலாளர். இரண்டும் சேர்ந்து தேய்ந்து ஷெரீப். லத்தீன் சாசனங்களில் ‘விசெகோமெஸ்’.

இந்தப் பதவியை ஸ்காட்லாந்தில் பரவலாக நிறுவியவர் டேவிட். அவர் அக்கா மெட்டில்டா இங்கிலாந்து அரசன் முதலாம் ஹென்றியின் மனைவி. டேவிட் இளம் வயதை ஹென்றியின் அரண்மனையில் கழித்தவர். அங்கே பார்த்த நிர்வாக முறையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார்: அரசனுக்கு ஒரு கோட்டை, கோட்டையைச் சுற்றி ஒரு மாவட்டம், மாவட்டத்துக்கு ஒரு ஷெரீப். ராக்ஸ்பரோ, பெரிக், எடின்பரோ, ஸ்டிர்லிங் என்று இப்படி முளைத்தன. டேவிட் அரியணை ஏறுவதற்கு முன்பே, தெற்குப் பகுதியை மட்டும் ஆண்டுகொண்டிருந்தபோதே, அவருடைய சாசனங்களில் கோஸ்பாத்ரிக் என்ற ஷெரீப் சாட்சியாக நிற்கிறார். ஷெரீப்பின் வேலை அரசனுக்குச் சேர வேண்டியதை வசூலிப்பது. அந்த வசூலில் பெரும்பங்கு காசு இல்லை, மாடு, பன்றி, பாலாடைக்கட்டி, மாவு, மால்ட். பிறகு வழக்கு கேட்பது, கோட்டையைப் பார்த்துக்கொள்வது, அழைப்பு வந்தால் ஆள் திரட்டிக்கொண்டு போவது. தாசில்தாரும் மாஜிஸ்திரேட்டும் தளபதியும் ஒரே நாற்காலியில்.

இதில் எதையும் தோர் செய்து நாம் பார்க்கவில்லை. ஒரு மாடு வசூலித்ததாக, ஒரு திருடனைத் தண்டித்ததாக, ஒரு கணக்கு ஒப்புவித்ததாக அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. ஸ்காட்லாந்து ஷெரீப்புகளின் வரவு செலவுக் கணக்குகளில் இன்று கிடைக்கிறவற்றில் மிகப் பழையவை 1264–66ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, அவையும் பிற்காலத்தில் ஒருவர் எடுத்து வைத்த குறிப்புகளாக. தோர் செத்து நூறு வருடத்துக்குப் பிறகு.

அப்படியானால் எதில் இருக்கிறார்? சாட்சிப் பட்டியல்களில். அரசன் ஒரு மடத்துக்கு நிலம் கொடுக்கிறான், கீழே ‘இவர்கள் சாட்சி’ என்று ஒரு வரிசை. பிஷப்புகள் முதலில், பிறகு ஏர்ல்கள், பிறகு மற்றவர்கள். அந்த மற்றவர்களில் ஒருவராகத் தோர். எங்கள் தொழிலில் லாக் ஃபைல் என்று ஒன்று உண்டு, அதில் யார் எப்போது உள்ளே வந்தார் என்று இருக்கும், என்ன பேசினார் என்று இருக்காது. அந்த மாதிரி.

ஒரே ஒருமுறை மட்டும் தோர் பட்டியலிலிருந்து எழுந்து முன்னால் வருகிறார். 1150க்குச் சற்று முன்னால், ட்ரானென்ட் ஊர் தேவாலயத்தை அதற்குரிய நிலங்களோடு ஹோலிரூட் மடத்துக்கு எழுதிக்கொடுக்கிறார். ஹோலிரூட், எடின்பரோ அருகே டேவிட் 1128இல் நிறுவிய மடம். அரசனின் செல்லப்பிள்ளை. அரசனுக்குப் பிடித்த மடத்துக்கு அரசனின் அதிகாரி தன் ஊர் தேவாலயத்தைக் கொடுப்பதில் பக்தி எவ்வளவு, சாமர்த்தியம் எவ்வளவு என்று பிரிக்க என்னால் ஆகாது. இரண்டும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன், இரண்டுக்கும் நடுவே அவர் கோடு கிழித்திருக்க மாட்டார்.

அந்தத் தோல் துண்டை மடத்துத் துறவிகள் பத்திரப்படுத்தினார்கள். தோர் மேல் இருந்த பாசத்தினால் இல்லை. நாளைக்கு யாராவது வந்து “இது எங்க தாத்தா சொத்து” என்றால் காட்டுவதற்கு. இன்றைக்குப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டுகிற அதே காரணம். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் மிகப் பெரும்பகுதி இப்படி மடங்களின் பீரோவில் இருந்து வந்ததுதான். மடத்துக்குக் கொடுத்தவன் வரலாற்றில் இருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்தவன் இல்லை. எடுத்துக்கொண்டவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு வரி வசூல் அதிகாரி தான் கொடுத்தது ஒன்றினால் மட்டுமே நினைக்கப்படுகிறார் என்பதில் ட்ரானென்ட் குடியானவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

அந்தச் சாசனத்துக்குச் சாட்சியாக நின்றவர்களில் ஃபாசைட் ஊர் எட்மண்ட் என்று ஒருவர் உண்டு. எட்மண்ட் ஆங்கிலப் பெயர். தோரும் ஸ்வைனும் வைக்கிங் கப்பல்களோடு வந்த நார்ஸ் பெயர்கள். ட்ரானென்ட் என்ற ஊர்ப்பெயர், அன்றைய எழுத்தில் ட்ராவெர்னென்ட், ஆங்கிலத்துக்கும் முந்தைய பிரிட்டன் மொழியில் ஓடைப் பள்ளத்துக் குடியிருப்பு என்ற பொருளில் வருவது. சாசனம் எழுதப்பட்ட மொழி லத்தீன். அரசனைச் சுற்றிக் கேட்ட மொழி பிரெஞ்சு. வடக்கே போனால் கேலிக். டேவிட் தன் சாசனங்களில் குடிமக்களை விளிக்கும்போதே பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஸ்காட்டியர், காலோவேயர் என்று வரிசையாகக் கூப்பிடுவார். லோதியன் ஒரு காலத்தில் நார்தம்பிரிய ஆங்கில நாட்டின் வடகோடி, ஸ்காட்டிய அரசர்கள் கைக்கு வந்தது பிற்பாடு. ஆகவே தோர் என்ற பெயரை வைத்து அவரை வைக்கிங் என்று முடிவு கட்டக்கூடாது. பெயர் தாத்தா வழியில் வந்திருக்கும், பேசியது அநேகமாக ஆங்கிலமாக இருந்திருக்கும்.

இங்கேதான் என் பழைய சிக்கல் திரும்ப வருகிறது. தோர் ஒருவர் இல்லை.

முதல் தோர், ‘நெட்டைத் தோர்’. லத்தீனில் தோர் லாங்கஸ். இவருக்குக் கொஞ்சம் முந்தியவர். எட்கர் அரசன் (1097–1107) கெல்சோவுக்குப் பக்கத்தில் உள்ள எட்னம் என்ற இடத்தை இவருக்குக் கொடுத்தான். பாழ்நிலம். அரசனின் உதவியோடும் என் சொந்தப் பணத்தோடும் அதில் குடியேற்றம் செய்தேன், அடித்தளத்திலிருந்து ஒரு தேவாலயம் கட்டினேன், புனித கத்பர்ட்டுக்கு அர்ப்பணித்தேன் என்று இந்த நெட்டை மனிதர் சொல்கிறார். தேவாலயத்தோடு ஓர் ஏர் நிலத்தையும் சேர்த்து டரம் துறவிகளுக்குக் கொடுக்கிறார். ஓர் ஏர் நிலம் என்பது, எட்டு எருது பூட்டிய ஒரு கலப்பை வருடத்தில் உழுகிற அளவு. யாருக்காக இந்தக் கொடை என்று சொல்லும்போது அரசனையும் அரசனின் பெற்றோரையும் குறிப்பிட்டுவிட்டு, தன் மிகப் பிரியமான சகோதரன் லெஃப்வினின் மீட்புக்காக என்கிறார். லெஃப்வின் ஆங்கிலப் பெயர், அண்ணன் தம்பிக்குள்ளேயே மொழி மாறுகிறது பாருங்கள். அந்தச் சாசனம் இன்றும் டரமில் இருக்கிறது. அவருடைய முத்திரையும் தெரிய வந்திருக்கிறது. அதைச் சுற்றி, முத்திரையே பேசுகிற மாதிரி, ‘தோர் என்னை ஒரு நண்பருக்கு அனுப்புகிறான்’ என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஒரு ஊர்ப் பங்கு எப்படித் தோன்றியது என்று பேச வருகிறவர்கள் எல்லாரும் இந்தச் சின்னத் துண்டில்தான் வந்து நிற்பார்கள்.

இரண்டாவது, நம்ம ஷெரீப். மூன்றாவது தோர் ஒரு பாதிரியார், லோதியனின் ஆர்ச்டீக்கன். இவர் பெயர் தோரால்ட் என்றும் வரும், தோர் என்று சுருங்கியும் வரும். அதே பகுதி, அதே பத்து இருபது வருடங்கள், அதே அரசன், பல சமயம் ஒரே விவகாரம்.

என் ஸ்கிரிப்ட் இருந்திருந்தால்? பெயர் பொருந்துகிறது. வட்டாரம் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. பிறந்த வருடம் யாருக்கும் இல்லை, அதனால் முரண்பாடும் இல்லை. மூவரையும் சேர்த்து ஒரு பிரமாதமான மனிதரை உண்டாக்கியிருக்கும்: பாழ்நிலத்தைத் திருத்தி, தம்பிக்காக அழுது, ஷெரீப்பாகி, கடைசியில் துறவு பூண்டவர். நாவலுக்கு ஆகும். நெட்டைத் தோரையும் ட்ரானென்ட் தோரையும் ஒன்றாக்கிய பழைய வம்சாவளி எழுத்தாளர்கள் நிஜமாகவே உண்டு. அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை, ஆசை மட்டும் இருந்தது.

இவர்களைப் பிரித்து வைப்பது எது? பெரும்பாலும் காலம். ஆனால் காலமும் சும்மா கிடைப்பதில்லை. இந்தச் சாசனங்களில் மிகப் பலவற்றில் தேதியே கிடையாது. சாட்சிகளை வைத்துத்தான் தேதியைக் கறக்க வேண்டும். உதாரணமாக, ஒரு சாசனம் டேவிட் அரசனுடையது, சாட்சிகளில் கிளாஸ்கோ பிஷப் ஹெர்பர்ட் இருக்கிறார் என்று வையுங்கள். ஹெர்பர்ட் பிஷப்பானது 1147. டேவிட் கார்லைலில் இறந்தது 1153 மே 24. ஆகவே சாசனம் அந்த இரண்டுக்கும் நடுவே. வரலாற்றாசிரியர்கள் இதை 1147 × 1153 என்று நடுவே ஒரு பெருக்கல் குறி போட்டு எழுதுவார்கள். கோடு போட்டால் ஆரம்பித்து முடிந்தது என்று பொருள். பெருக்கல் போட்டால் இதற்குள் எங்கேயோ ஒரு நாள், எது என்று கேட்காதே என்று பொருள். நம் தரவுத்தளங்களில் தேதிக்கு ஒரு கட்டம் வைக்கிறோம், அதில் ஏதாவது போட்டால்தான் உள்ளே விடும். தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டு எத்தனை லட்சம் பேரைப் புத்தாண்டுக் குழந்தைகளாக்கியிருக்கிறோம்!

ஆக, ஒரு சாட்சியின் காலத்தை இன்னொரு சாட்சி சொல்கிறார், அவருடைய காலத்தை மற்றொருவர். இந்த வலையில் ஓர் ஆளைத் தவறாக இணைத்தால் அவர் நின்ற எல்லாச் சாசனங்களின் தேதியும் நகரும். அந்தத் தேதிகளை நம்பி நின்றவர்களும் நகர்வார்கள். யாரும் சாகமாட்டார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம், எல்லாரும் ஏற்கெனவே செத்தவர்கள்.

இன்னும் சூடான கேள்வி தோரின் பிள்ளைகளைப் பற்றியது. டேவிட்டின் பேரன் வில்லியம் (1165–1214) காலத்தில், பெர்த் பக்கம், ‘தோர் மகன் ஸ்வைன்’ என்று ஒரு நிலக்கிழார் வருகிறார். ரூத்வென், டிபர்மோர் ஆகிய இடங்கள் இவர் கையில். ஸ்கோன் மடத்துக்கு நிலம் கொடுத்திருக்கிறார். வழக்கம் போல, கொடுத்ததால் தெரிகிறார். இவருடைய வாரிசுகள் ரூத்வென் என்ற ஊரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள்.

ஸ்வைன் மகன் தோர். தோர் மகன் ஸ்வைன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்கு மூச்சு விடுவது மாதிரி, அங்கேயும் சகஜம்தான். தலைமுறை இடைவெளியும் சரியாக இருக்கிறது. இன்னொரு சங்கதியும் உண்டு. அடுத்த தலைமுறையில் ட்ரானென்ட், ராபர்ட் டி குயின்சி என்ற ஆங்கிலோ-நார்மன் பிரபுவிடம் இருக்கிறது. அந்த ராபர்ட்டின் மகன் சேயர்தான் வின்செஸ்டர் ஏர்ல் ஆகி, 1215இல் மாக்னா கார்ட்டாவை அமல்படுத்தும் 25 பிரபுக்களில் ஒருவரானவர். இவரே நியூபாட்டில் துறவிகளுக்கு ட்ரானென்ட் பக்கத்துக் கடற்கரையில் நிலக்கரி வெட்டும் உரிமை கொடுத்தவர். ஸ்காட்லாந்தில் நிலக்கரி பற்றிய மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. பழைய குடி தோரின் ஊர் புதுப் பணக்காரரிடம் போய்விட்டது. அப்படியானால் தோர் குடும்பத்துக்கு மாற்றாக வடக்கே நிலம் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், அதுதான் ரூத்வென் என்று கதை தானாகவே வந்து பொருந்துகிறது. வம்சாவளிப் புத்தகங்களில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ரூத்வென் சாதாரணக் குடும்பம் இல்லை. 1582இல் பதினாறு வயது அரசன் ஆறாம் ஜேம்ஸைத் தங்கள் கோட்டையில் மடக்கிப் பத்து மாதம் கைக்குள் வைத்திருந்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் இந்தக் குடும்பத்தின் கௌரி ஏர்ல். 1584இல் அவர் தலை போனது. 1600 ஆகஸ்டில் பெர்த்தில் அவருடைய இரண்டு மகன்கள் ஜேம்ஸின் ஆட்களால் கொல்லப்பட்டார்கள். அரசனைக் கொல்லப் பார்த்தார்கள் என்று அரசன் சொன்னார், உயிரோடிருந்து மறுக்க அவர்கள் இல்லை. அதன்பின் ரூத்வென் என்ற பெயரையே யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நாடாளுமன்றத்தில் சட்டம். கோட்டைக்கும் பெயரை மாற்றி ஹன்டிங்டவர் ஆக்கினார்கள். பேரைச் சட்டம் போட்டு அழித்த குடும்பத்தின் ஆரம்பம், பேரைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாத ஒரு ஷெரீப் என்று எழுத எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆனால் இரண்டு பெயர்கள் தலைகீழாகப் பொருந்துவது மட்டும்தான் நிஜமான ஆதாரம். தோர், ஸ்வைன் இரண்டும் அன்றைய தெற்கு ஸ்காட்லாந்தில் அபூர்வப் பெயர்கள் இல்லை என்பதை மூன்று தோர்களிடமே பார்த்துவிட்டோம். ட்ரானென்ட் கைமாறியது வரைக்கும் சரி. மாற்று நிலம் என்பது நாம் போடுகிற பாலம். நான்கு கட்டம் பொருந்தியும் நான் ஒருமுறை தவறினேன், இங்கே இரண்டு கட்டம்தான் இருக்கிறது. தோரும் ஸ்வைனும் அப்பா பிள்ளையாக இருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்த ‘லாம்’ அங்கேயே இருக்கட்டும்.

அலுவலகத்தில் என் ஸ்கிரிப்டுக்கு என்ன ஆனது என்றால், ‘ஒரே ஆள்’, ‘வேறு ஆள்’ என்ற இரண்டோடு ‘இருக்கலாம்’ என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தோம். அதில் விழுகிற ஜோடிகளை யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாலே முடிந்துவிடும். மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை, ஆட்டோமேஷன் என்று சொல்லிவிட்டு ஆளைக் கேட்கிறாயே என்றார். திங்கள்கிழமை காலையில் நானே ஒரு மணி நேரம் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அப்படி ஒரு திங்கள்கிழமை, வேலை முடிந்து, மேப்பில் ட்ரானென்டைத் தேடினேன். தோர் கொடுத்த தேவாலயம் இல்லை. அந்த இடத்தில் 1800 வாக்கில் கட்டிய வேறொன்று நிற்கிறது. ஊருக்குத் தென்மேற்கே மேட்டின் மேல் ஒரு கல் கோபுரம் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஃபாசைட் கோட்டை. எட்மண்ட் காலத்தது இல்லை, பிற்பாடு கட்டியது. 1547இல் பின்கி போரின்போது ஆங்கிலேயர் தீ வைத்து, பாழாகக் கிடந்து, போன நூற்றாண்டில் மறுபடி வீடாக எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சாட்சிக்கு வந்தவரின் ஊர்.